முதல் வரியில் ஓர் அடைமொழி: 'ஃபாதர் டெட்' கட்டுரையில் எழுந்த தொகுப்புத் தகராறு – ஒரு நிகழ்வு ஆய்வு

யாரும் தொகுக்கக்கூடிய ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலப் பதிப்பில், 'ஃபாதர் டெட்' என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றிய கட்டுரையின் முதல் வரியில் அதைப் பிரித்தானியத் தொடர் என்பதா, அயர்லாந்துத் தொடர் என்பதா என்பது குறித்து ஏறத்தாழ ஏழு வாரங்கள் நீடித்த கருத்து வேறுபாட்டை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. தகராறு தொடங்கியபோது நான் அந்தக் கட்டுரையின் பக்கமே போனதில்லை. இரண்டாம் வாரத்தில், தொடர்பில்லாத ஒருவரின் கருத்தைக் கேட்டு வந்த பொது அழைப்பை ஏற்று உள்ளே சென்றேன். பங்கேற்றவர்களின் பயனர் பெயர்களை விட்டுவிட்டு, அவர்கள் கட்டுரைக்குள் வந்த வரிசைப்படி முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று குறிப்பிடுகிறேன். தமிழில் இதே பணியைச் செய்யும் தன்னார்வலர்களும் முதல் வரித் தகராறுகளைச் சந்திக்கிறார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதிவைப்பது பயன்படும் என்று எண்ணுகிறேன்.

பின்னணி: தொடர் பிறந்த விதம்

'ஃபாதர் டெட்' 1995 ஏப்ரல் 21 முதல் 1998 மே 1 வரை பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. முதல் பருவத்தில் 6 பகுதிகள், இரண்டாம் பருவத்தில் 10, 1996 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்புப் பகுதி, மூன்றாம் பருவத்தில் 8 என மொத்தம் 25 பகுதிகள் வந்தன. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட கிராகி தீவில், ஒரே பங்குத்தந்தை இல்லத்தில் வாழ நேர்ந்த மூன்று கத்தோலிக்கக் குருக்களையும், தேநீர் குடிக்கும்படி யாரையும் விடாது வற்புறுத்தும் அவர்களது வீட்டுப் பணிப்பெண்ணையும் சுற்றிக் கதைகள் நகரும்.

தொடரை எழுதிய கிரகாம் லைன்ஹன், ஆர்தர் மேத்யூஸ் இருவரும் அயர்லாந்தினர். டெட் கிரில்லியாக நடித்த டெர்மட் மோர்கன், உடன் நடித்த ஆர்டல் ஓ'ஹன்லன், ஃபிராங்க் கெல்லி, பாலின் மக்லின் ஆகியோரும், முதல் இரண்டு பருவங்களை இயக்கிய டெக்லன் லௌனியும் அப்படியே. தயாரித்தது இலண்டனில் இயங்கும் ஹாட் டிரிக் புரொடக்‌ஷன்ஸ். சேனல் 4 அந்நாளில் தானே நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனமாக இருக்கவில்லை. 1982இல் தொடங்கியது முதலே வெளி நிறுவனங்களிடம் பணித்து வாங்கி ஒளிபரப்புவதாகவே அதன் அமைப்பு இருந்தது. வெளிப்புறக் காட்சிகள் பெரும்பாலும் அயர்லாந்தின் மேற்கிலுள்ள கிளேர் கவுன்டியில் படமாயின. வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் இலண்டன் ஸ்டூடியோவில், நேரில் அமர்ந்து சிரிக்கும் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவாயின. ஆக, திரையில் டெட் கதவைத் திறந்து முற்றத்திலிருந்து கூடத்துக்குள் வரும்போதே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் வந்துவிடுகிறார். தகராறு முழுவதும் அந்தக் கதவில்தான் நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

கட்டுரை இருந்த நிலை

தகராறுக்கு முன் பல ஆண்டுகளாகக் கட்டுரை 'ஃபாதர் டெட் ஒரு பிரித்தானிய சிட்காம்' என்றே தொடங்கியது (சிட்காம் என்பது சூழல் நகைச்சுவைத் தொடர்). அந்தச் சொல்லுக்கு மேற்கோள் எதுவும் இணைக்கப்படவில்லை. கட்டுரையில் நடந்த மாற்றங்கள் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினால், பெயர் பதியாத பயனர்கள் அவ்வப்போது வந்து அதை 'அயர்லாந்து' என்று மாற்றியதும், யாராவது அதைக் காரணம் எழுதாமல் பழைய வடிவத்துக்கே மீளமைத்ததும் தெரிந்தது. கட்டுரை குறித்துத் தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தின் காப்பகத்தில் இது பற்றி இரண்டு சிறிய உரையாடல்கள் கிடந்தன. இரண்டும் முடிவு எட்டாமல் நின்றுபோனவை. இவ்வளவு நாள் நீடித்த சொல்லுக்குப் பின்னால் ஓர் உடன்பாடு இருக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். அப்படி ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை.

ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் தொலைக்காட்சித் தொடர் பற்றிய கட்டுரை ஏறக்குறைய ஓர் அச்சு வார்ப்பில் தொடங்கும்: தொடரின் பெயர், பிறகு நாட்டைச் சொல்லும் அடைமொழி, பிறகு வகை. எழுதுபவர் யோசிக்காமலேயே நடுவில் ஒரு வெற்றிடம் தோன்றிவிடுகிறது. தோன்றியதும் அதை நிரப்பியாக வேண்டும் என்ற நெருக்குதலும் வந்துவிடுகிறது.

தகராறு தொடங்கிய விதம்

முதலாமவர் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் வளர்ந்தவர் என்று தம் பயனர் பக்கத்தில் குறிப்பிட்டிருந்தார். அப்பகுதியின் ஊர்கள், தேவாலயங்கள் பற்றிய கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் பொறுமையுடன் வளர்த்தவர். அவர் 'பிரித்தானிய' என்பதை 'அயர்லாந்து' என்று மாற்றி, மாற்றத்தின் காரணத்தை எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில், அயர்லாந்தினர் எழுதி, அயர்லாந்தினர் நடித்து, அயர்லாந்தில் நடக்கும் கதை என்று எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாமவர் அதை மீளமைத்தார். இவர் இலண்டனில் தொலைக்காட்சித் தயாரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிற்பாடு பேச்சில் தெரிந்தது. நூற்றுக்கணக்கான பிரித்தானியத் தொடர்களின் கட்டுரைகளை, மாற்றம் நேர்ந்தால் தெரியப்படுத்தும் கவனிப்புப் பட்டியலில் வைத்திருந்தார். தயாரிப்பு நிறுவனமும் ஒளிபரப்பு நிறுவனமும் பிரித்தானியாவைச் சேர்ந்தவை, ஆகவே தொடரும் அவ்வாறே என்பது அவர் எழுதிய காரணம்.

மாற்றங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் திரையில் பார்த்தால், பத்தி முழுவதும் அப்படியே இருக்க, ஒரே ஒரு சொல் மட்டும் இடப்பக்கத்தில் நீக்கப்பட்டதாகவும் வலப்பக்கத்தில் சேர்க்கப்பட்டதாகவும் நிறமேற்றித் தெரியும். அடுத்த மாற்றத்தில் அதே இரண்டு சொற்கள் இடம் மாறி நிற்கும். இப்படியே பத்துப் பன்னிரண்டு மாற்றங்களைத் தொடர்ந்து பார்த்தபோது, எழுதியவர்கள் கட்டுரையின் வேறெந்த வரியையும் படித்திருக்க மாட்டார்கள் என்ற கவலை எனக்கு வந்தது. அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

ஐந்தாம் நாள் மூன்றாமவர் வந்தார். புதியவர், சமாதான நோக்கத்துடன் 'பிரித்தானிய-அயர்லாந்து சிட்காம்' என்று இடைக்கோடு போட்டு எழுதினார். இரு தரப்பும் ஏற்கவில்லை. இரண்டாமவரைப் பொறுத்தவரை, இரு நாட்டுப் பெயரை இணைத்து எழுதுவது தொலைக்காட்சித் துறையில் கூட்டுத் தயாரிப்பைக் குறிக்கும். இரு நாட்டு நிறுவனங்களும் பணம் போட்டிருக்க வேண்டும். இந்தத் தொடருக்கு அப்படி நடக்கவில்லை. முதலாமவருக்கோ அந்த இடைக்கோடு அரசியல் பொருள் தருவதாகப் பட்டது. 1922இல் தனி அரசு அமைத்துப் பிரிந்துவந்த ஒரு நாட்டின் கலைஞர்கள், புகழ் பெற்றவுடன் இலண்டன் ஊடகங்களில் பிரித்தானியர் ஆகிவிடுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வந்தவர் அவர். எதிர்ப்பின் காரணங்கள் வேறுவேறானாலும் இருவரும் ஒரே நாளில் அந்த இடைக்கோட்டை நீக்கினர். இந்தத் தகராறில் அவர்கள் ஒத்துப்போன முதல் செயல் அதுதான்.

ஒன்பதாம் நாள் நிலைமை முற்றியது. 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. இருவரும் ஆளுக்கு மூன்று முறையுடன் நிறுத்திக்கொண்டு, 24 மணி நேரம் கழிந்ததும் மீண்டும் தொடங்கினர். விதியின் எழுத்தைக் காத்து அதன் நோக்கத்தை மீறும் இச்செயலைக் கண்ட ஒரு நிர்வாகி, தடை எதையும் விதிக்காமல், ஏழு நாள்களுக்கு மற்றவர்கள் தொகுக்க முடியாதபடி பக்கத்தைப் பூட்டி, பேச்சுப் பக்கத்துக்குச் செல்லும்படி கேட்டுக்கொண்டார். பூட்டப்பட்ட நேரத்தில் பக்கத்தில் நின்ற வடிவம் முதலாமவருடையது. எந்த வடிவத்தில் பூட்டினாலும் அது அவ்வடிவத்துக்கு அளித்த ஒப்புதல் ஆகாது என்று அறிவிப்பிலேயே இருந்தும், ஒருவர் அதை வெற்றியாகவும் மற்றவர் அநீதியாகவும் எடுத்துக்கொண்டனர்.

பேச்சுப் பக்கத்தில் கண்டவை

நான் உள்ளே சென்றது பூட்டிய மூன்றாம் நாள். உரையாடல் ஏற்கெனவே கட்டுரையைவிட நீளமாகியிருந்தது. முதல் வேலையாக இரு தரப்பு வாதங்களையும் என் மணல்தொட்டியில் (சொந்தச் சோதனைப் பக்கத்தில்) படியெடுத்து, ஒவ்வொரு வாதமும் எந்தக் கேள்விக்கு விடையாகிறது என்று ஓரத்தில் எழுதினேன். அதில் ஒன்று தெளிவாயிற்று. இரண்டாமவர், தொடருக்கு யார் பணம் கொடுத்தது, உரிமை யாரிடம் என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்பச் சரியான விடை தந்துகொண்டிருந்தார். முதலாமவர், தொடரின் நகைச்சுவை யாருடைய வாழ்விலிருந்து வந்தது என்ற கேள்விக்கு, அவரும் சரியாகவே, விடை தந்துகொண்டிருந்தார். ஒருவர் விடையால் மற்றவர் விடை பொய்யாகவில்லை. ஆனால் இரண்டு விடைகளுக்கும் கட்டுரை ஒதுக்கியிருந்த இடம் ஒரே ஒரு சொல்லின் அகலம்.

இரண்டாமவர் வேறு தொடர்களின் கட்டுரைகளை நீண்ட பட்டியலாகத் தந்து, எல்லாவற்றிலும் தயாரிப்பு நிறுவனத்தின் நாடே முதல் வரியில் உள்ளது என்று வாதிட்டார். அவற்றில் பலவற்றை அவ்வாறு எழுதியவர் அவரே என்பதை முதலாமவர் சுட்டிக்காட்டினார். சுட்டிக்காட்டியது உண்மை, சுட்டிய முறை கடுமையானது. அதன் பின் சில நாள்கள் உரையாடல் கட்டுரையை விட்டு ஆளைப் பற்றியதாயிற்று. அந்தப் பகுதியை விரிக்கத் தேவையில்லை.

சான்றுகளை எடைபோட்டபோது

இத்தகைய தகராறுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, நம்பத்தகுந்த வெளிச் சான்றுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்து அதையே எழுதுக என்பது. அதைத்தான் செய்தோம். நாளேடுகளிலும் ஒளிபரப்பு வரலாற்று நூல்களிலும் இரண்டு வழக்கும் இருந்தன. ஒரே நாளேடு ஒரு கட்டுரையில் அயர்லாந்து சிட்காம் என்றும், சிறந்த தொடர்களை வரிசைப்படுத்தும் இன்னொரு கட்டுரையில் பிரித்தானிய சிட்காம்களில் ஒன்று என்றும் எழுதியிருந்தது. எழுதியவர்கள் அந்த அடைமொழியை ஆராய்ந்து தேர்ந்ததாகத் தெரியவில்லை; கட்டுரையின் பேசுபொருளுக்கு ஏற்ப வந்து விழுந்த சொல்லாகவே அது இருந்தது. எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யலாம் என்று மூன்றாமவர் முன்மொழிந்தார். தேடுபவர் எந்த நாட்டு இதழ்களில் தேடுகிறாரோ அதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும் என்பதால் நான் அதை ஆதரிக்கவில்லை.

பயன் தந்தது வேறொன்று. அடைமொழியைத் தேடுவதை நிறுத்திவிட்டு, தொடர் உருவான படிகளைப் பற்றிய சான்றுகளைத் தேடினோம். அப்போது வந்த செய்திகள் இரண்டு தரப்பின் வாதத்தையும் ஒருசேரத் தளர்த்தின. டெட் கிரில்லி என்னும் பாத்திரம் முதலில் டப்ளின் மேடைகளில் பிறந்தது; ஜோஷுவா டிரியோ என்ற கேலி இசைக்குழுவில் இருந்த காலத்தில் ஆர்தர் மேத்யூஸே அந்தக் குருவாக மேடையேறிப் பேசியிருக்கிறார். எழுத்தாளர்கள் பிற்பாடு இலண்டனுக்குக் குடிபெயர்ந்து பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு எழுதத் தொடங்கினர். அவர்கள் முதலில் எண்ணியிருந்தது ஆவணப்படம் போலத் தோற்றமளிக்கும் ஒரு நிகழ்ச்சி. வாரம் ஓர் அயர்லாந்து மனிதரைப் பற்றிப் பேசுவது. அதில் ஒரு வாரம் டெட். அதை நேரடியான சிட்காமாக மாற்றச் சொன்னவர் ஹாட் டிரிக்கின் ஜெஃப்ரி பெர்கின்ஸ். பாத்திரம் டப்ளினிலும் வடிவம் இலண்டனிலும் பிறந்ததாக வரலாறு சொல்லும்போது, முதலாமவரும் இரண்டாமவரும் தாங்கள் அறிந்த பாதியை முழுமை என்று கொண்டிருந்தது புலனாயிற்று. இருவரும் இந்தச் செய்தியை முன்பு அறிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டனர். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இடையில் தொடக்க இசை பற்றிய ஒரு கிளை விவாதம் எழுந்தது. அதை அமைத்த 'டிவைன் காமெடி' குழுவின் நீல் ஹானன், ஐக்கிய இராச்சியத்தில் அடங்கிய வட அயர்லாந்தின் டெரியில் பிறந்தவர். முதலாமவர் அவரை அயர்லாந்துக் கணக்கிலும் இரண்டாமவர் ஐக்கிய இராச்சியக் கணக்கிலும் சேர்த்தனர். அந்நகரின் பெயரே இரு சமூகத்தார் வாயில் இரு விதமாக வழங்குவது. அங்கே பிறந்தவர்கள் தங்களை அயர்லாந்தினர் என்றோ பிரித்தானியர் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளும் உரிமையை 1998 ஏப்ரல் 10ஆம் தேதி பிரித்தானிய, அயர்லாந்து அரசுகளிடையே கையெழுத்தான பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை ஏற்றிருக்கிறது. 'ஃபாதர் டெட்'டின் கடைசிப் பருவம் வெள்ளிக்கிழமைதோறும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. இரு அரசுகள் சேர்ந்து ஒரு மனிதருக்கு விட்டுக்கொடுத்த தெரிவை ஒரு கட்டுரையின் துணைத் தகவலுக்காக நாம் பறிப்பது முறையாகாது என்று எழுதினேன். அந்தக் கிளை விவாதம் அதோடு நின்றது.

கிராகி தீவு எது என்பதிலேயே ஒரு போட்டி உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொடக்கக் காட்சியில் வானிலிருந்து தெரியும் துருப்பிடித்த கப்பல், 1960இல் தரைதட்டி, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஆரன் தீவுகளில் சிறியதான இனிஷியரின் கரையில் கிடக்கும் 'பிளாசி'. ஆனால் தொடரின் ரசிகர் விழா பெரிய தீவான இனிஷ்மோரில் நடக்கிறது. எந்தத் தீவு கிராகி என்ற பெயரை வைத்துக்கொள்வது என்று 2007இல் இரண்டு தீவுகளும் கால்பந்து ஆடித் தீர்த்துக்கொண்டன. அத்தொடர் மீது அங்குள்ளவர்களுக்கு எவ்வளவு உரிமையுணர்வு இருக்கிறது என்பதை முதலாமவர் இந்தச் செய்தியின் வழியாகவே எங்களுக்குப் புரியவைத்தார். அதுவரை அவர் பேச்சில் பிடிவாதத்தை மட்டும் பார்த்திருந்த எனக்கும் அது தேவைப்பட்டது.

கவனிக்காமல் விட்ட இரண்டு பிழைகள்

இந்த ஆய்வில் என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான். முதல் வரியைப் பலர் இரவும் பகலும் காவல் காத்த அதே நாள்களில், கட்டுரையின் நடுப்பகுதியில் இரண்டு தவறான கூற்றுகள் நுழைந்து, பூட்டப்பட்ட வடிவத்தில் ஏழு நாள்கள் பத்திரமாக இருந்தன.

முதலாவது, அயர்லாந்தின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.ஈ. இத்தொடரை நிராகரித்ததால்தான் எழுத்தாளர்கள் சேனல் 4க்குச் சென்றனர் என்பது. இது அயர்லாந்தில் பரவலாக நம்பப்படும் கதை. உண்மையில் தொடர் ஆர்.டி.ஈ.யிடம் கொண்டுசெல்லப்படவே இல்லை. படைப்பாளிகளே இதைத் தெளிவுபடுத்தியுள்ளனர். முதலாமவர் தம் வாதத்துக்கு வலுச் சேர்க்க, தயாரிப்புப் பகுதியில் இதை ஒரு வாக்கியமாகச் சேர்த்திருந்தார். பொய் சொல்லும் நோக்கம் அவருக்குத் துளியும் இல்லை. ஊரார் எல்லோரும் அறிந்த செய்தி என்று எண்ணியதால் மேற்கோள் தேடவில்லை. இரண்டாமவரும் அதை மறுக்கவில்லை. அவருடைய கண் முதல் வரியை விட்டு அகலவில்லை.

இரண்டாவது, டெர்மட் மோர்கனின் திடீர் மரணத்தால் தொடர் நின்றுபோனது என்பது. மூன்றாம் பருவத்தின் இறுதிப் பகுதியைப் பதிவு செய்து முடித்த மறுநாள், 1998 பிப்ரவரி 28 அன்று, மோர்கன் மாரடைப்பால் இறந்தார். அந்தப் பருவத்தோடு தொடரை முடித்துக்கொள்வது என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. இரண்டு நிகழ்ச்சிகளும் அவ்வளவு நெருக்கமாக வந்ததால், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று படிப்பவர் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறது. பெயர் பதியாத ஒரு பயனர் அந்த முடிச்சை எழுத்தில் போட்டுவிட்டுச் சென்றிருந்தார். முதல் வரித் தகராறின் மாற்றங்களுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை. முழுப் பக்கத்தையும் பழைய வடிவத்துக்கு மாற்றும்போது ஒருமுறை தற்செயலாக நீங்கி, அடுத்த மாற்றத்தில் அதேபோல் தற்செயலாகத் திரும்பி வந்திருந்தது.

எந்த நாட்டுத் தொடர் என்று இருவேறு விதமாகச் சொன்னாலும் படிப்பவருக்குப் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஒளிபரப்பு நிறுவனம் செய்யாத செயலைச் செய்ததாகவும், இறந்த ஒருவரின் மரணத்துக்கு இல்லாத விளைவு ஒன்று இருந்ததாகவும் சொல்வது கேடு. இரண்டையும் நான் கண்டது பூட்டிய ஆறாம் நாள். நிர்வாகியிடம் விண்ணப்பித்து நீக்குவதற்குள் பூட்டே காலாவதியாகிவிட்டது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

பூட்டு நீங்கியதும், மீண்டும் மாற்றத் தொடங்க வேண்டாம் என்ற வேண்டுகோளோடு 30 நாள் கருத்துக் கேட்பு ஒன்றைத் தொடங்கினேன். 'பிரித்தானிய' என்பதா, 'அயர்லாந்து' என்பதா என்று கேட்கவில்லை. முதல் வரியில் நாட்டு அடைமொழி எதுவும் இல்லாமல், அது சுமக்க முயன்ற செய்திகளைத் தனித்தனியே விரித்து எழுதலாமா என்று கேட்டேன். அதே கலைக்களஞ்சியத்தில் திரைப்படக் கட்டுரைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் உண்டு: ஒரு படத்தின் நாடு எது என்பதில் சான்றுகள் ஒன்றுபடாவிட்டால், தொடக்க வாக்கியத்தில் அதைச் சொல்லாமல் பிறகு விளக்குக என்பது அது. தொலைக்காட்சித் தொடருக்கு அது கட்டாயமன்று. ஆயினும் சிக்கல் ஒன்றே என்பதால் முன்னுதாரணமாகக் காட்டினேன்.

முன்மொழிந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி அமையும்: 'ஃபாதர் டெட் என்பது, அயர்லாந்து எழுத்தாளர்களான கிரகாம் லைன்ஹன், ஆர்தர் மேத்யூஸ் ஆகியோர் உருவாக்கி, பிரித்தானியத் தயாரிப்பு நிறுவனமான ஹாட் டிரிக் புரொடக்‌ஷன்ஸ் சேனல் 4க்காகத் தயாரித்த சிட்காம் ஆகும்.' இரண்டு நாட்டுப் பெயரும் இதில் உண்டு. எதுவும் தொடரின்மீது ஏறி உட்காரவில்லை. எந்தப் பெயர் யாருக்கு உரியதோ அவருக்கு முன்னால் நிற்கிறது. தனித்தனியே சரிபார்க்கத்தக்க நான்கு செய்திகளை ஒரு சொல்லுக்குள் திணித்ததே சிக்கலின் வேர் என்பதும், சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பதால் அது தீராது என்பதும் என் வாதம்.

வந்த கருத்துகளில் பெரும்பாலானவை இதை ஆதரித்தன. எதிர்த்தவர்களில் ஒருவர் சொன்னது சிந்திக்கத்தக்கது: முதல் வரி என்பது அவசரமாக வருபவர் ஒரு நொடியில் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி, அதை நீட்டினால் அவருக்கு இடைஞ்சல் என்றார். அவர் சொன்னது பொதுவாகச் சரி. இந்தக் கட்டுரையில் குறுகிய வடிவம் எதுவும் அரை உண்மையாகிவிடுவதால், நீளத்தின் விலையைக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. கருத்துக் கேட்பை முடித்துவைத்தவர், வாக்குகளை எண்ணாமல் வாதங்களை எடைபோட்டதாகத் தனியே குறிப்பிட்டிருந்தார்.

கட்டுரையின் ஓரத்தில் முக்கியத் தகவல்களைச் சுருக்கித் தரும் தகவற்சட்டம்தான் தொல்லை கொடுத்தது. அதில் 'நாடு' என்ற கட்டம் இருக்கிறது. விரித்து எழுத இடமில்லை. அக்கட்டத்துக்கான கையேடு தயாரிப்பு நிறுவனத்தின் நாட்டையே கேட்கிறது என்பதால் 'ஐக்கிய இராச்சியம்' என்று வைப்பது பெரும்பான்மைக் கருத்தாயிற்று. கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்புகளில், இரு நாட்டுச் சிட்காம்களுக்குமான பகுப்புகள் இடம்பெற்றன. முதலாமவர் முதல் வரியை மனமுவந்து ஏற்றார். தகவற்சட்டத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை.

பின்விளைவு

முதல் வரி நிலைத்தது. இடையிடையே யாராவது வந்து ஓர் அடைமொழியைச் சேர்ப்பதுண்டு. மூல உரையில் முதல் வாக்கியத்துக்கு அருகே, பக்கத்தில் தெரியாதபடி, முந்தைய உரையாடலைச் சுட்டும் குறிப்பு வைத்திருப்பதால் பெரும்பாலோர் படித்துவிட்டு விலகுகிறார்கள். மீறிச் சேர்த்தால், தகராறில் பங்கே பெறாத தொகுப்பாளர்கள் அதை எடுத்துவிட்டு உரையாடலுக்கு வழி காட்டுகிறார்கள்.

ஆர்.டி.ஈ. பற்றிய வாக்கியத்தை முதலாமவரே நீக்கினார். நீக்கியதோடு நில்லாமல், அப்படி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது என்பதையும் அது ஏன் தவறு என்பதையும் மேற்கோளோடு எழுதினார். மோர்கனின் மரணம் பற்றிய பத்தியை இரண்டாமவர் திருத்தி எழுதினார். காரண உறவு எதுவும் தொனிக்காமல், எந்த நாளில் எது நடந்தது என்று மட்டும் அதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி இப்போது அதுதான். மூன்றாமவர், மேடையிலிருந்து சிட்காம் வரையிலான வளர்ச்சியை விரிவான தயாரிப்பு வரலாறாக எழுதினார். முன்பு ஐந்து வரியாக இருந்த பகுதி அது.

இழப்பும் இருந்தது. முதல் வரி உறுதியான மூன்றாம் வாரம், முதலாமவர் கட்டுரையைத் தம் கவனிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக எழுதிவிட்டு விலகினார். ஊர்களையும் தேவாலயங்களையும் பற்றித் தொடர்ந்து எழுதுகிறார். ஆனால் படப்பிடிப்பு நடந்த இடங்களை நேரில் அறிந்தவர் எங்களில் அவர் ஒருவரே. 'படப்பிடிப்பு இடங்கள்' பகுதி இன்றும் அரைகுறையாகவே இருக்கிறது.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

உள்ளே நுழைந்த முதல் நாளே முழுக் கட்டுரையையும் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன். நான் பேச்சுப் பக்கத்தைப் படித்தேன், வரலாற்றுப் பக்கத்தைப் படித்தேன். கட்டுரையை முழுமையாகப் படித்தது நான்காம் நாள். அந்த இரண்டு பிழைகளும் மூன்று நாள் முன்னதாகவே போயிருக்க வேண்டியவை. பக்கத்தைப் பூட்டும் நிர்வாகியிடமும், பூட்டுவதற்கு முன் அண்மைய நாள்களில் மேற்கோள் இல்லாமல் சேர்ந்தவற்றை மட்டும் ஒருமுறை பார்க்கும்படி கேட்பேன். எந்த அடைமொழி நிற்கிறது என்பதில் அவர் தலையிடத் தேவையில்லை. இறந்தவரைப் பற்றிய பிழை நிற்கலாமா என்பதில் தலையிடலாம்.

முதலாமவருக்கு அவருடைய பேச்சுப் பக்கத்தில் தனியாக எழுதியிருப்பேன். பொது விவாதத்தில் எல்லோரும் பார்க்க அவருக்கு விடை சொன்னேனே தவிர, கால்பந்துச் செய்தியைச் சொன்ன அன்று அவர் பேச்சில் தெரிந்த பற்றை நான் புரிந்துகொண்டேன் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை. தகவற்சட்டத்தைக் கருத்துக் கேட்பில் சேர்க்காமல் பிற்பாடு விரைவாக முடித்ததும் என் தவறு. முதல் வரிக்கு 30 நாள் கொடுத்த நாங்கள் அதற்கு நான்கு நாள்தான் கொடுத்தோம். அவர் கேட்டது அந்தக் கட்டத்தையே காலியாக விட வேண்டும் என்பது. அது முடியாத கோரிக்கை அன்று. வேறு சில கட்டுரைகளில் அக்கட்டம் காலியாக இருக்கிறது.

கருத்துக் கேட்பின் முடிவுரையில் அவருடைய எதிர்ப்பு இடம்பெறவில்லை. காப்பகத்தில் சென்று படிப்பவர், எல்லோரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள் என்றே எண்ணுவார். காப்பகத்துக்குச் சென்ற உரையைத் திருத்துவது வழக்கமில்லை என்பதால், அவருடைய இசைவைக் கேட்டுப் பெற்று, பேச்சுப் பக்கத்தின் உச்சியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: முதல் வாக்கியம் கருத்துக் கேட்பின் வழியே எட்டிய முடிவால் அமைந்தது, தகவற்சட்டத்தின் 'நாடு' கட்டம் அவ்வாறு அமையவில்லை, அது குறித்த உரையாடலை யாரும் மீண்டும் தொடங்கலாம்.